லைசாண்டரின் பல்தடம்

வெர்லின் ஸ்காகின்ஸைப் பொய்யே சொல்லாத மனுஷன் என்று யாரும் சொன்னதில்லை. பிடித்த மீன் ஒரு முழம் இருந்தால் இரண்டு முழம் என்பார். ஆப்பிள் பை சாப்பிட்டு ஆறு மாசமாச்சு என்று டாக்டரிடம் சொல்வார், மீசையில் அதன் துணுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும்போதே. மனைவி ஜூவனெல் செய்யும் இறைச்சி ரொட்டியை முப்பத்தொரு வருஷமாக "பிரமாதம்" என்று சொல்லி, தண்ணீர் குடித்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். ஆனால் போர்க்களத்து ஈயக் குண்டு என்று வந்துவிட்டால் அரிச்சந்திரன் அவரிடம் பிச்சை வாங்க வேண்டும். அந்த விஷயத்தில் மட்டும் வாயில் பொய் வராது. அதனாலேயே பெல்ஃபோர்ட் கவுண்டியில் அவருக்கு மரியாதை அதிகம், நண்பர்கள் குறைவு.

வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவார். சனிக்கிழமை விடிந்தால் மெட்டல் டிடெக்டரைத் தோளில் போட்டுக்கொண்டு, சோளம் அறுத்த வயல் எங்கே இருக்கிறது என்று கிளம்பிவிடுவார். கூட மனைவியின் தம்பி ராய்ஸ். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863 குளிர்காலத்தில், வடக்குப் படையும் தெற்குப் படையும் மூன்று நாள் அந்த ஓடைக்கரை நெடுக ஒன்றையொன்று துரத்தியிருந்தன. துரத்தியவன் சுட்டது, ஓடியவன் கைநழுவ விட்டது எல்லாம் ஒரு சாண் மண்ணுக்கடியில் அப்படியே கிடந்தன. மெஷினின் வட்டத் தட்டைத் தரையை ஒட்டி வீசிக்கொண்டே நடக்க வேண்டும். கீழே இரும்பாணி இருந்தால் தொண்டை கட்டியவன் மாதிரி கரகரக்கும். ஈயம் என்றால் கோயில் மணியை யாரோ விரலால் சுண்டிய மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்கு வெர்லின் தன் கல்யாண நாளையே இரண்டு தடவை மறந்திருக்கிறார்.

கண்டெடுப்பது பாதி வேலைதான். அது எந்தக் குண்டு, யார் துப்பாக்கியினுடையது, சுட்டதா விழுந்ததா என்று சொல்வது மீதி. அதில்தான் வெர்லின் மன்னன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வெளியே வந்ததும் ஆளாளுக்குப் பாக்கெட்டிலிருந்து எதையாவது எடுத்து நீட்டுவார்கள். நூற்றுமுப்பது வருஷம் மண்ணில் கிடந்து சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்த ஈயத்தை உள்ளங்கையில் உருட்டி, பெருவிரலால் ஒரு தடவு தடவிவிட்டுச் சொல்வார்.

"அடியில மூணு வரி ஓடுது பாருங்க. வடக்குக்காரன். சுடவே இல்ல, குளிர்ல கை விறைச்சு கீழ விட்டுட்டான்."

"வரியே இல்ல, வழவழன்னு இருக்கு. இங்கிலாந்துலேர்ந்து கப்பல்ல தெற்குக்கு வந்தது. சுட்டிருக்கான். குழலுக்குள்ள சுத்தின கோடு தெரியுதா?"

"இது குண்டே இல்லம்மா. தூண்டில்ல கட்டற ஈயம்."

இதுவரை தொல்லையில்லை. தொல்லை பல்லில் வந்தது. பத்துப் பேரில் ஒருவர், குரலைத் தாழ்த்திக்கொண்டு, கைக்குட்டையில் சுற்றிய ஒரு குண்டை எடுப்பார். தாறுமாறாக மென்று சப்பிப்போன குண்டு. "எங்க கொள்ளுத்தாத்தா கையை வெட்டும்போது வலி தாங்காம இதைத்தான் கடிச்சாராம்" என்பார். கவுண்டியில் அப்படி ஒரு கொள்ளுத்தாத்தா இல்லாத வீடு கிடையாது. வெர்லின் குண்டைப் பார்ப்பார், அவர் முகத்தைப் பார்ப்பார், பிறகு ஒரே வார்த்தை சொல்வார்: "பன்னி."

அதுதான் உண்மை. சண்டை முடிந்த வயலில் ஊர்ப் பன்றிகள் புகுந்து மண்ணைக் கிளறும். ஏதோ கொட்டை என்று நினைத்து ஈயத்தை மெல்லும், துப்பும். ஈயம் மெத்தென்று இருப்பதால் பல் அப்படியே பதியும். வீரர்களிலோ முக்கால்வாசிப் பேருக்கு டாக்டர்கள் மயக்க மருந்து கொடுத்துத்தான் அறுத்தார்கள். இதையெல்லாம் அவர் பொறுமையாக விளக்குவதற்குள் எதிராளி கைக்குட்டையை மடித்துப் பாக்கெட்டில் போட்டிருப்பார். சர்ச் மூப்பர் ஓரன் பிக்கன்ஸ் தன் வீட்டுக் குண்டுக்கும் அதே பதிலைக் கேட்டபின் மூன்று வருஷமாக அவர் பக்கத்து பெஞ்சில் உட்காரவில்லை.

தொண்ணூற்றெட்டாம் வருஷம், நவம்பர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வெர்லின் வீட்டுத் தொலைபேசி அடித்தது. ஜூவனெல் எடுத்து, கேட்டு, வாயைக் கையால் பொத்திக்கொண்டு கணவனிடம் நீட்டினாள்.

"மிஸ் ஓட்டலின்," என்றாள்.

வெர்லின் எழுந்து நின்று, கலைந்த தலையைச் சரிசெய்துகொண்டு, பிறகுதான் ரிசீவரை வாங்கினார்.

மிஸ் ஓட்டலின் லெட்பெட்டருக்கு வயது எழுபத்தொன்று. நாற்பது வருஷம் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். கவுண்டியில் பாதிப் பேரை ஃபெயில் செய்தவர், வெர்லினை இரண்டு தடவை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவருக்கு நாற்பது ஏக்கர் நிலம் இருந்தது, ஓடைக்கு மேலே சரிவாக. மூன்று நாள் சண்டையில் இரண்டாம் நாள் முழுவதும் நடந்தது அந்தச் சரிவில்தான். அதில் இன்றுவரை ஒரு மெஷினும் ஏறியதில்லை. பத்தொன்பது வருஷமாக வெர்லின் கிறிஸ்துமஸுக்கு ஜாம் கொடுத்து அனுப்பினார், புயலில் விழுந்த மரத்தை வெட்டிக் கொடுத்தார், கூரைக் குழாயை அடைப்பெடுத்தார். ஒவ்வொரு தடவையும் கேட்டார். ஒவ்வொரு தடவையும் "முடியாது" என்று முழு வாக்கியம்கூட இல்லாத பதில் கிடைத்தது.

"வெர்லின், உன் பீப்-பீப் மெஷின் இன்னும் வேலை செய்யுதா?"

"செய்யுதுங்க, மிஸ் ஓட்டலின்."

"நாளைக்கு நாலு மணிக்கு வா. ஷூவைத் துடைச்சுட்டு வா."

மறுநாள் ராய்ஸும் ஒட்டிக்கொண்டான். இரண்டு பேரும் வரவேற்பறை சோபாவின் விளிம்பில், ஏதோ தண்டனைக்கு வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்தார்கள். சுவரில் பெரிய புகைப்படம்: தாடி, முறைத்த கண்கள், இடது பக்கம் மரக்கால். கொள்ளுத்தாத்தா லைசாண்டர் லெட்பெட்டர். வடக்குப் படைக்காரர். தன் சொந்த நிலத்திலேயே சண்டை போட்டு, அங்கேயே காலை இழந்தவர்.

மிஸ் ஓட்டலின் ஒரு வெள்ளி உப்புப் பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார். உள்ளே சிவப்பு வெல்வெட். அதன் நடுவில் ஒரு குண்டு.

"கருவாலி மரத்தடியில காலை அறுத்தாங்க. ஒரு சத்தம் போடல. இதைக் கடிச்சுட்டு இருந்தார். பழைய ரயில்வே ஸ்டேஷன்ல வரலாற்றுக் கழகம் கண்ணாடி அலமாரி திறக்கறாங்க, அடுத்த மாசம் அஞ்சாம் தேதி. நடு அலமாரி இதுக்குத்தான். ஆனா விஷயம் தெரிஞ்சவங்க ஒருத்தர் பாத்து எழுத்துல கொடுக்கணுமாம். நீ எழுதிக் கொடு. நிலம் முழுக்க குளிர்காலம் முடியறவரைக்கும் தோண்டிக்கோ."

வெர்லின் பூதக்கண்ணாடியை எடுத்தார். பார்த்தார். இன்னும் பார்த்தார். குண்டைப் புரட்டி மறுபடி பார்த்தார். சரிவு முழுக்கப் பத்தொன்பது வருஷமாகக் கனவில் அடித்த மணிச்சத்தம் காதில் கேட்டது. வாய் திறந்தது. "ப…" என்று ஆரம்பித்தது. ராய்ஸ் பூட்ஸ் காலால் கணுக்காலில் ஒரு உதை விட்டான்.

"ப… பத்திரமா வெச்சிருக்கீங்க," என்றார் வெர்லின்.

"அப்புறம்?"

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் படிக்கணும். அவசரப்படக் கூடாது."

மிஸ் ஓட்டலினுக்கு அது பிடித்திருந்தது. "ஒன்பதாம் வகுப்புலயும் இப்படி நிதானமா இருந்திருந்தா பாஸ் பண்ணியிருப்பே," என்றார். "இந்தச் சனிக்கிழமையே நிலத்துல இறங்கிக்கோ. அடுத்த சனிக்கிழமை கடிதம் வரணும்."

வண்டியில் ஏறியதும் ராய்ஸ் பிடித்துக்கொண்டான். "என்ன மச்சான், முகம் செத்துப் போச்சு?"

"பன்னிடா. சந்தேகமே இல்ல. கடைவாய்ப் பல்லு நாலு தடவை மென்னிருக்கு."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"இல்ல."

"பன்னிக்குத் தெரியுமா?"

"செத்து நூறு வருஷம் இருக்கும்."

"அப்ப யாருக்கு நஷ்டம்? 'இதில் பல் பதிந்துள்ளது'ன்னு எழுது. பன்னிக்கும் பல்லு, மனுஷனுக்கும் பல்லு. பொய்யா அது? நீ என்ன பைபிள் மேல கை வெச்சா சொல்றே?"

வெர்லின் வண்டியைக் கிளப்பினார். யோசனை நன்றாகத்தான் இருந்தது, அதுதான் தொல்லை.

சனிக்கிழமை அந்தச் சரிவில் இறங்கினார்கள். பத்தடிக்கு ஒரு தடவை மணி அடித்தது. மூன்று வரிக் குண்டுகள், வழவழக் குண்டுகள், ஓரத்தில் இரண்டு கோடு மட்டும் போட்ட தெற்குக் குண்டுகள், கழுகு பொறித்த ஒரு பித்தளைப் பொத்தான். ஒரு பாறைக்குப் பின்னால் மட்டும் சுடாத குண்டு பதினொன்று, ஒரே இடத்தில். யாரோ ஒருவன் அங்கே பதுங்கி, தோட்டாப் பையைத் தலைகீழாகப் பிடித்துத் தேடியிருக்கிறான். வேறொரு நாளாக இருந்தால் வெர்லின் ஆடியிருப்பார். அன்று ஒவ்வொரு குண்டாகத் துடைத்துப் பையில் போட்டபோதும், திருடின சட்டையைப் போட்டுக்கொண்டு கடைத்தெருவில் நடக்கிறவன் மாதிரி இருந்தது.

"ராத்திரி சாப்பாட்டுக்கு இறைச்சி ரொட்டி," என்றாள் ஜூவனெல், அவர் திரும்பி வந்ததும்.

"பிரமாதம்."

"இதைச் சொல்ல உனக்கு நாக்கு கூசல. ஒரு குண்டுக்கு மட்டும் என்ன இவ்வளவு?"

வெர்லின் திடுக்கிட்டுப் பார்த்தார்.

"முப்பத்தொரு வருஷமா தட்டுல அதை மட்டும் தண்ணி குடிச்சுட்டே சாப்பிடற. எனக்குத் தெரியாதா?" என்றாள். "ஆனா நான் கண்டுக்கல. ஏன்னா எனக்கும் அது பிடிக்காது. எங்கம்மா சமையல் குறிப்பு, விட மனசில்ல. அந்தம்மாவுக்கும் அப்படித்தான்னு நெனைச்சுக்கோ, எழுதிக் கொடுத்துட்டுப் போ."

கடைசி நம்பிக்கையாக, திங்கட்கிழமை பல் டாக்டர் கிலியமிடம் போனார். டாக்டர் குண்டை விளக்குக்குக் கீழே வைத்து, மெழுகில் ஒரு அச்சு எடுத்து, அளவுகோலால் அளந்து, உதட்டைப் பிதுக்கினார்.

"மனுஷனா இருக்க ஒரு வாய்ப்புகூட இல்லையா டாக்டர்? கொஞ்சம் பெரிய பல்லுள்ள ஆளா…"

"பெரிய பல்லா? இந்தக் கடைவாய் உள்ள மனுஷனுக்குத் தாடை இதுவரைக்கும் வரணும்." தன் மூக்கிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கையை நீட்டிக் காட்டினார். "வெர்லின், இந்த நோயாளியை என் நாற்காலியில உக்கார வைக்க முடியாது. நாலு காலு."

அடுத்த சனிக்கிழமை காலை வெர்லின் தனியாகவே போனார். பாக்கெட்டில் இரண்டு கடிதம் இருந்தது. ஒன்று ராய்ஸ் சொல்லிக் கொடுத்தது. இன்னொன்றில் ஒரே வரி. மிஸ் ஓட்டலின் காபி ஊற்றி, எதிரே உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையை நீட்டினார். வெர்லின் கை முதல் கடிதத்தைத் தொட்டது. சுவரிலிருந்து லைசாண்டர் முறைத்தார்.

"பன்னி," என்றார் வெர்லின். வாயே தானாகச் சொல்லிவிட்டது.

"எந்தப் பன்னி?"

"அது தெரியாதுங்க. நூத்துமுப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு."

"வெர்லின் ஸ்காகின்ஸ், என்ன உளர்றே?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். கிளறின மண், கொட்டை என்று நினைத்த பன்றி, டாக்டர் கிலியம், நாலு கால். கால் போனது நிஜம் என்று இரண்டு தடவை சொன்னார். அறுத்தபோது அவருக்கு மயக்க மருந்து கொடுத்திருப்பார்கள் என்றும் சொன்னார். கடைசி வார்த்தையை காபிக் கோப்பையிடம்தான் சொன்னார், நிமிர்ந்து பார்க்க தைரியம் வரவில்லை.

"தூங்கினார்ங்கறியா?"

"குறட்டை விட்டிருப்பார்னு… இல்ல, தூங்கினார்."

மிஸ் ஓட்டலின் எழுந்தார். வெர்லின் தொப்பியை எடுத்துக்கொண்டு தானும் எழுந்தார். நிலம் போயிற்று, அது தெரிந்ததுதான். ஆனால் டீச்சர் கதவைக் காட்டவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

"விடையை மட்டும் எழுதினா என்ன மார்க் கொடுப்பேன்?"

"சைபர்ங்க."

"வழியைக் காட்டணும். உன் மச்சான் பன்னி வளக்கறான் இல்ல? குண்டு வார்க்கற அச்சும் அவன்கிட்ட இருக்கு. போ, வண்டியை எடு. நிரூபி."

ராய்ஸ் பன்றிக் கொட்டிலுக்கு வேலி கட்டிக்கொண்டிருந்தான். சர்ச்சுக்குப் போகும் ஊதாத் தொப்பியோடு கணக்கு டீச்சர் தன் முற்றத்தில் இறங்குவதைப் பார்த்ததும் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு, முப்பது வருஷம் முந்தைய பழக்கத்தில் சட்டையை உள்ளே சொருகினான்.

விஷயம் சொல்லப்பட்டது. அவன் கொட்டகையில் புதிதாக வார்த்த மூன்று வரிக் குண்டுகள் ஒரு டப்பா நிறைய இருந்தன. மிஸ் ஓட்டலின் ஒன்றை எடுத்து அவனிடம் கொடுத்தார்.

"முதல்ல மனுஷன். கடி."

"நானா?"

"வெர்லினுக்குப் பாதி கட்டுப்பல்லு. நீதான் கடிக்கணும்."

ராய்ஸ் குண்டைக் கடைவாயில் வைத்துக் கடித்தான். எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு சின்னப் பள்ளம், நகக்கீறல் மாதிரி.

"இது செல்லாது," என்றார் மிஸ் ஓட்டலின். "காலை அறுக்கறப்போ வலிக்கும். வலியில கடிக்கறது வேற, சும்மா கடிக்கறது வேற. மறுபடி வை."

"வலிக்கு எங்க போறது, மிஸ் ஓட்…"

அவன் குண்டை வாயில் வைத்து முடித்ததும், டீச்சர் தன் குதிகால் செருப்பைத் தூக்கி, ரப்பர் செருப்பிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவன் கட்டைவிரல் மேல் முழு எடையோடு இறக்கினார். ராய்ஸ் ஒற்றைக்காலில் கொட்டிலை ஒரு சுற்று சுற்றி வந்தான். அவன் போட்ட சத்தத்தில் பக்கத்துப் பண்ணை நாய் குரைக்க ஆரம்பித்தது. ஆனால் குண்டை விடவில்லை, அந்த மட்டில் நல்ல மாணவன்.

"இப்ப வலிச்சுதா?"

"வலிச்சுதுங்க."

"நிஜமா? இல்லேன்னா இன்னொரு கால் இருக்கு."

"சத்தியமா வலிச்சுதுங்க!"

குண்டைத் துடைத்துப் பார்த்தார்கள். பள்ளம் கொஞ்சம் ஆழமாகியிருந்தது. அவ்வளவுதான். குண்டு குண்டாகவே இருந்தது.

"சரி," என்றார் மிஸ் ஓட்டலின். குரல் சற்று இறங்கியிருந்தது. "அடுத்தது."

ராய்ஸின் பெரிய பன்றி பேர் பியூலா. நானூறு பவுண்டு எடை, யாரையும் மதிக்காத முகம். வெர்லின் ஒரு குண்டை வெல்லப்பாகில் உருட்டித் தொட்டியில் போட்டார். பியூலா முகர்ந்தது, நாக்கால் எடுத்தது. கடகட என்று நாலு தடவை மென்றது. ஏமாற்றுக்காரர்கள் என்பது போல் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் துப்பியது.

வெர்லின் அதைத் தண்ணீரில் அலசி, உப்புப் பெட்டியிலிருந்த பழைய குண்டுக்குப் பக்கத்தில், டீச்சரின் உள்ளங்கையில் வைத்தார். ஒன்று வெளுப்பு, ஒன்று பளபளப்பு. மற்றபடி கூடப்பிறந்த இரட்டை. அதே நான்கு மேடு, அதே சாய்வில் நசுங்கின நுனி, அதே கோணல்.

மிஸ் ஓட்டலின் இரண்டையும் மாற்றி மாற்றித் திருப்பிப் பார்த்தார். பிறகு கவிழ்த்து வைத்திருந்த ஒரு தீவன வாளியின் மேல் உட்கார்ந்தார். வெர்லின் தொப்பியைக் கழற்றினார். "மரக்கால் நிஜம்ங்க," என்று மூன்றாவது தடவையாகச் சொன்னார்.

"எனக்கு ஆறு வயசு," என்றார் மிஸ் ஓட்டலின். "என் பொம்மை ஓடையில போயிருச்சு. அழுதேன். அப்பா இந்தப் பெட்டியைத் திறந்து என் முன்னாடி வெச்சார். 'லைசாண்டர் அழுதாரா?'ன்னார். ஒன்பது வயசுல கை முறிஞ்சுது. பெட்டி. நாய் செத்துச்சு. பெட்டி. அம்மா போனப்போ, கல்லறையிலேர்ந்து வந்ததும் பெட்டி. நாப்பத்தொன்பதாம் வருஷம் க்ளிஃப்டன் ரேபர்ன்னு ஒருத்தர், எனக்கு மோதிரம் போட்டுட்டு, சாட்டனூகால வேற பொண்ணைக் கட்டிக்கிட்டார். அப்ப அப்பா இல்ல. நானே பெட்டியைத் திறந்து வெச்சு உக்காந்தேன். அழல."

கொட்டிலில் பியூலா தொட்டியை முட்டிக்கொண்டிருந்தது.

"அறுபத்தஞ்சு வருஷமா நான் ஒரு பன்னியைப் பாத்து வாயை மூடிட்டு இருந்திருக்கேன். அந்த மனுஷன் தூங்கிட்டு இருந்திருக்கார்!"

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார். மெதுவாக இல்லை. ஊதாத் தொப்பி ஒரு பக்கம் சாய, தோள் குலுங்க, ஆறு வயசுப் பிள்ளை மாதிரி ஓவென்று. வெர்லினும் ராய்ஸும் பயந்து போனார்கள். வானத்திலிருந்து கணக்குப் புத்தகம் பேசியிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டார்கள். ராய்ஸ் நொண்டிக்கொண்டே போய் க்ரீஸ் படிந்த ஒரு துணியைக் கொண்டுவந்து நீட்டினான். அவர் அதை வாங்கி மூக்கைச் சிந்தினார்.

"பொம்மை பேரு டோரிண்டா," என்றார் நடுவில். மறுபடி அழுதார். பொம்மைக்கு, நாய்க்கு, அம்மாவுக்கு என்று வரிசையாகப் போனது. க்ளிஃப்டன் ரேபர்னுக்கு வந்தபோது மட்டும் திடீரென்று நிறுத்தி, "அவனுக்குத் தேவையில்ல, முன்பல்லு ரெண்டு நடுவுல ஆணியே அடிக்கலாம்," என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எழுந்து நின்றபோது மூக்குநுனியில் க்ரீஸ் கறுப்பாக அப்பியிருந்தது. அதைச் சொல்ல இருவருக்கும் துணிச்சல் வரவில்லை.

"நல்ல நிரூபணம்," என்றார். "இன்னிக்குத்தான் நீ பாஸ், வெர்லின்."

"கண்ணாடி அலமாரிக்கு…" என்று வெர்லின் இழுத்தார். "நான் வேணா கழகத்துல பேசி, வேற ஏதாவது…"

"எதுக்கு வேற? இதேதான் போகும்."

டிசம்பர் ஐந்தாம் தேதி பழைய ரயில்வே ஸ்டேஷனில் கூட்டம் நிரம்பி வழிந்தது. நடு அலமாரியில் சிவப்பு வெல்வெட் மேல் இரண்டு குண்டுகள். கீழே மிஸ் ஓட்டலினின் முத்து முத்தான கையெழுத்தில் ஒரு சீட்டு: "இடது: 1863ஆம் வருஷத்துக் குண்டு. பன்றி கடித்தது. லைசாண்டர் லெட்பெட்டர் அப்போது மயக்கத்தில் இருந்தார். வலது: பியூலா, ராய்ஸ் டிட்வெல் பண்ணை, 1998." மற்ற அலமாரிகளில் வாளும் கொடியும் ஒரு தளபதியின் ஷேவிங் கிண்ணமும் அனாதையாகக் கிடந்தன. ஜனங்கள் நடு அலமாரியை விட்டு நகரவில்லை. சிரித்தவர்களைப் பார்த்து மிஸ் ஓட்டலினும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்திராத பழைய மாணவர்கள் இரண்டு பேர் காற்றாட வெளியே போய் நின்றார்கள்.

மூப்பர் ஓரன் பிக்கன்ஸ் வெர்லினை ஒரு தூணுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். கைக்குட்டையை எடுத்தார்.

"இன்னொரு தடவை பாத்துச் சொல்லு வெர்லின். லெட்பெட்டர் வீட்டுதே பன்னின்னா, எங்களோடது…"

"பன்னிங்க."

மூப்பர் பெருமூச்சு விட்டார். "அலமாரியில இன்னொண்ணு வைக்க இடம் இருக்கா?"

நிலத்தில் தோண்ட அனுமதி நிலைத்தது. ஆனால் வெர்லின் கனவு கண்ட மாதிரி அல்ல. ஜனவரி முதல் சனிக்கிழமை அவரும் ராய்ஸும் போய்ச் சேர்ந்தபோது, சரிவு முழுவதும் முளை அடித்து, நூல் கட்டி, கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தது. ஒவ்வொரு முளையிலும் எண். நடுவில் ரப்பர் பூட்ஸும் காதில் ஹெட்போனுமாக மிஸ் ஓட்டலின், கையில் இவர்கள் மெஷினைவிடப் புது மெஷின்.

"ஒன்பது மணின்னா ஒன்பது மணி," என்றார். "ராய்ஸ், நாப்பத்திரண்டாவது கட்டம். வெர்லின், நீ கீழே, பதினேழு."

"பதினேழு சதுப்புங்க, மிஸ் ஓட்டலின்."

"தெரியும். யாராவது அதையும் பாக்கணும் இல்ல?"

பாறைக்குப் பின்னாலிருந்த நல்ல கட்டங்களையெல்லாம் அவரே எடுத்துக்கொண்டிருந்தார். வெர்லின் முழங்கால்வரை சேற்றில் நின்றுகொண்டு மேலே பார்த்தார். அரை மணிக்கு ஒரு தடவை டீச்சரின் குரல் சரிவில் இறங்கி வந்தது. வெர்லின் மேலேறிப் போய், நீட்டிய குண்டை வாங்கி, தடவி, சொல்ல வேண்டியிருந்தது.

"வடக்கு. சுட்டது. மண்ணுல பட்டிருக்கு, ஆளு மேல படல. நுனி சிதையல பாருங்க."

"யாருக்கும் அடிபடலையா?"

"இதால இல்லைங்க."

"நல்லது," என்று அவர் நோட்டில் கட்டத்து எண்ணோடு எழுதிக்கொண்டு, ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போனார்.

வெர்லின் இறங்கி வந்தபோது, வழியில் ராய்ஸ் முட்டி போட்டுக்கொண்டு கைநிறைய மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமலே பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்:

"மச்சான், நூலைத் தாண்டித் தோண்டின அந்த ஓரத்துக் குழியை மூடு, சீக்கிரம். டீச்சர் இந்தப் பக்கம்தான் பாக்கறாங்க."